நாற்பது பக்கத் திட்டம்

"குழாய் ரிப்பேர் கம்பெனி தொடங்க மூணு மாசம் வகுப்புக்குப் போய், நாற்பது பக்கத்துக்குத் திட்டம் போட்டாச்சு. இனி நான் முதலாளி!" என்றான் கணவன்.

"இன்னும் ஒரு வாஷர்கூட மாத்தலை. அதுக்குள்ள ஆயிரம் விசிட்டிங் கார்டு!" மனைவி இளக்காரமாகச் சிரித்தாள்.

"உனக்கென்ன தெரியும்? திட்டம் இல்லாம இறங்கினா ஆழம் தெரியாம காலை விட்ட கதைதான்."

அவன் போன் அடித்தது. எதிர் வீட்டம்மா. "சமையலறைக் குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி!"

"கம்பெனி ஒண்ணாம் தேதிதான் திறக்குது. அப்புறம் கூப்பிடுங்க," என்றான் மிடுக்காக.

"உங்க கம்பெனி யாருக்கு வேணும்? போனை அக்காகிட்ட குடுங்க!"

மனைவி வாங்கினாள். "மெயின் வால்வை மூடுங்க, இதோ வர்றேன்."

பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் குழாய் வேலை பார்ப்பவள் அவள்தான். ஸ்பானர் பையை எடுத்து வைத்தாள்.

அவன் பதறினான். "நீ தனியாப் போனா என் கம்பெனி என்னாகும்? திட்டத்துல 'தொழிலாளி ஒருவர்'னு போட்டதே உன்னைத்தான்!"

"என்ன சம்பளம் போட்டீங்க?"

"வீட்டு ஆளுக்கு எதுக்குச் சம்பளம்?"

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப உங்க கம்பெனியில ஆள் இல்லை. என் கம்பெனி இப்பவே திறந்தாச்சு, ஒரு எடுபிடி வேலை காலியா இருக்கு. பையைத் தூக்கிட்டு வாங்க!"