இத்தாலிப் பக்குவம்

அந்தத் தாராவி வீட்டு அடுப்படியில் ஜோஸ்பின் வைத்ததுதான் சட்டம். பிஸ்காட்டி என்ற இத்தாலி பிஸ்கட் செய்யும் வீடியோவைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டாள். மாவை நீளமாக உருட்டி ஓவனில் வைத்தாயிற்று, மீதியைப் பார்ப்பானேன்?

வெந்ததை ஆறவிட்டுக் குளித்து வருவதற்குள், மாமியார் ஏஞ்சலம்மாள் அதைத் துண்டு போட்டு மறுபடியும் ஓவனில் வைத்திருந்தாள்.

"என்ன காரியம் செஞ்சிட்டீய அத்தே? மாட்டுங்கா கடைக்கு சாம்பிள் கொண்டு போணுமே."

"மழைக்கு நமுத்த மாதிரி மெத்துன்னு கெடந்துச்சு. மொறுமொறுன்னு ஆவட்டுமேன்னு வச்சேன்."

"இத்தாலி சமாச்சாரம் ஒங்களுக்கு என்ன தெரியும்?"

வேறு சுட நேரமில்லை. அதையே டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடினாள்.

மாட்டுங்காவில் காபிக்கடை நடத்தும் மைதிலி ஒன்றைக் கடித்துப் பார்த்தாள்.

"நான் இத்தாலில ரெண்டு வருஷம் இருந்தவ. இங்க எல்லாரும் ஒரே தடவை சுட்டுண்டு வந்து நீட்டறா. அங்க துண்டு போட்டு ரெண்டாந்தடவையும் சுடுவா. அது தெரிஞ்சு பண்ணினது நீங்க ஒருத்தர்தான். வாரம் பத்து கிலோ குடுங்கோ."

"எங்க வீட்டுல எப்பவும் ரெண்டு தடவைதான் மேடம்" என்றாள் ஜோஸ்பின், கண் இமைக்காமல்.

வீடு திரும்பியதும் மிச்ச மாவைச் சுட்டெடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார் முன்னால் கத்தியோடு வைத்தாள்.

"இதுவும் நமுத்த மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் பாருங்க அத்தே."