முகமில்லாத வீடியோ

“எல்லா முகத்தையும் அழிச்சிடு. ஒண்ணுகூட மிச்சம் இருக்கக்கூடாது” என்றார் டெபோரா.

“அழிச்சாச்சுக்கா. சுவரைக்கூட விடல” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான் காலேப். திரையில் பதினைந்து விநாடி வீடியோ ஓடியது. முகங்கள் இருந்த இடத்தில் மங்கலான வட்டங்கள். நடுவில் சப்பாத்தி தேய்க்கும் கைகள்.

வீட்டில் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கான இல்லம் அது. டெபோரா அதன் பொறுப்பாளர். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டல் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள். இல்லத்துக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, எதை எப்போது போடுவது என்று திட்டம் வகுத்துத்தர வந்தவன் காலேப்.

“நாம இருக்கோம்னு எல்லாருக்கும் தெரியணும். எங்க இருக்கோம்னு ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது. நம்ம ஸ்ட்ராட்டஜியே அவ்வளவுதான்கா.”

“கடைசில என்ன எழுதியிருக்க? ‘அடி வாங்குறவங்க யாரா இருந்தாலும் வாங்க’ன்னா? பெண்கள்னு போடுப்பா.”

“யாரா இருந்தாலும்னு போட்டாதான் ரீச் போகும். இதெல்லாம் எங்கிட்ட விட்டுடுங்க.”

டெபோரா விட்டுவிட்டார். காலையில் ஏற்றிய அந்த வீடியோவை மாலை நான்கு மணிக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

அடுத்த வாரத் திட்டத்தை காலேப் விளக்கிக்கொண்டிருந்தபோது இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியவனுக்குப் பெயர் இல்லை, படம் இல்லை.

‘ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பின்னாடி லேடீஸ் ஹாஸ்டல்னு ஒண்ணு இருக்கே. அதுதானே நீங்க?’



இருவரும் வீடியோவை மறுபடி ஓட்டினார்கள். சன்னல் இல்லை, காலண்டர் இல்லை, மாவு டப்பாவில்கூட எழுத்து இல்லை. மூன்றாவது முறை ஓடும்போது, டீ கொண்டுவந்த மஹாலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். நெற்றியில் தையலோடு கீழ்க்கட்டளையிலிருந்து நான்கு நாள் முன்புதான் வந்தவள்.

“பார்க்காதீங்கக்கா. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.”

சப்பாத்திக் கட்டை உருளும் சத்தத்துக்குப் பின்னால், மெலிதாக, ‘ஊரப்பாக்கம் ரயில் நிலையப் பயணிகளின் கவனத்திற்கு’ என்றது ஒலிபெருக்கி. நாளுக்கு நூறு முறை கேட்டுப் பழகியதால் அந்த வீட்டில் யார் காதிலும் அது விழுவதே இல்லை.

“அவர்தான்” என்றாள் மஹாலட்சுமி. “லீவு போட்டுட்டுத் தேடுவாருக்கா. தேடுறதுன்னா அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.” தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது.

காலேப் வீடியோவை அழித்தான். அழித்த கையோடு அடுத்த மெசேஜ் வந்தது.

‘வாசல்ல நிக்கிறேன்.’

டெபோரா காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். “நீ உள்ளேயே இரு. ஆம்பளையப் பார்த்தா இன்னும் கோவம் ஏறும்” என்று காலேப்பிடம் சொல்லிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டுக்குப் பத்தடிதான்.

நல்ல உயரம் அவன். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருமுனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆள் கூட்டி வந்திருக்கிறான் என்று நினைத்து, டெபோரா கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

“யாரு வேணும்?”

“என் சம்சாரம் இங்க வந்துச்சா மேடம்?”

“அப்படி யாரும் வரல.”

“நல்லா பாத்துச் சொல்லுங்க. உள்ள எங்கயும் இல்லியே?”

“இல்லன்னா இல்ல. போலீஸுக்குச் சொல்லியாச்சு. வந்துகிட்டே இருக்காங்க.”

அவன் மறுபடி தெருமுனையைப் பார்த்தான். ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்று, கிளம்பிப் போனது. கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

“அப்ப, அவ வர்றதுக்குள்ள என்னை உள்ள விட்டுடுங்க மேடம்.”