மார்கரீட்டா என்கிற ரீட்டா

குழந்தையின் தடுப்பூசி அட்டையில் தாயின் பெயர் மார்கரீட்டா என்று இருந்தது. என் அடையாள அட்டையில் ரீட்டா.

எழுத்தர் இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தார். வெள்ளத்தில் நனைந்து காய்ந்த தடுப்பூசி அட்டை ஓரங்களில் சுருண்டுகொண்டே இருந்தது. முத்திரைக் கட்டையை அதன்மேல் வைத்து அடக்கினார்.

வெள்ள முகாமாக்கியிருந்த பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பறை அது. கரும்பலகையில் பாதி அழிந்த கணக்கு ஒன்று இன்னும் இருந்தது.

வெளியே இரண்டு பேருந்துகள். தாயோடோ தகப்பனோடோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு மற்றொன்று. அது எங்கே போகிறது என்று அதன் ஓட்டுநருக்கே சரியாகத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் நின்றவர், "நான் தாய்மாமன் சார்" என்றார்.

"மாமன் மச்சானெல்லாம் அப்புறம். ஓரமா நில்லுங்க."

அவர் தோளிலிருந்து பையனை இறக்கி இரண்டாவது பேருந்துக்கு நடத்திப் போனார்கள். அவர் ஓரமாகத்தான் நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் ஒருத்தி, தன் பிள்ளை என்று சொல்லி வேறொருத்தியின் குழந்தையைக் கூட்டிப் போய்விட்டாளாம். பெற்றவள் பிறகு வந்து இதே மேசையில் தலையை மோதிக்கொண்டாளாம். அன்றிலிருந்து அவர் யார் சொல்வதையும் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

என் முகத்தையும் பார்த்தார்.

"பேரு ஒத்து வரலியேம்மா."

"ரெண்டும் ஒரே பேருதான் சார்."

"மார்கரீட்டா எங்க, ரீட்டா எங்க? காதுல பூ சுத்தாதீங்க."

என் குரல் நடுங்காமல் இருந்தது எனக்கே வியப்பு. அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர் என்று சொன்னேன். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் புத்தகம் ஒன்றை ஒரு மழைக்காலம் முழுக்கத் திருத்தினார். அதில் இந்த ஒரு பெயர் அவரைப் பிடித்துக்கொண்டது. மூலம் கிரேக்கம். மார்கரிட்டேஸ் என்றால் முத்து. இங்கிலீஷில் மார்கரெட், பிரெஞ்சில் மார்கெரீட், ஜெர்மனில் மார்கரேத்தா, ஸ்பானிஷில் மார்கரீட்டா. செல்லமாகச் சுருக்கினால் மேகி, பெக்கி, கிரேட்டா. மார்கரீட்டாவின் வாலை மட்டும் எடுத்தால் ரீட்டா.

"முத்தா? அப்போ முத்தம்மான்னு ஒருத்தி வந்து நின்னா, அதுவும் நீங்கதானா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் தட்டினார். சிக்னலுக்காக ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தார். பிறகு உதடுகள் அசைய வாசித்தார். வாசித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"சரி, பேரு ஒண்ணுதான். ஒத்துக்கறேன். ஆளும் ஒண்ணுதானா?"

அதற்கு நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார்.

அவளுக்கு ஐந்து வயது. தண்ணீர் வந்த இரவுக்குப் பிறகு நான்கு நாட்களாக ஒரு வார்த்தை பேசவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, பயப்படாத. இவங்க உனக்கு யாரு?"

குழந்தை அவரைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, பேருந்துகளுக்கு நடுவில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள்.

பதிலாகச் சொன்னாளா, கூப்பிட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு அது போதுமாக இருந்தது. பதிவேட்டில் 'மார்கரீட்டா (எ) ரீட்டா' என்று எழுதி முத்திரை குத்தினார். அட்டையைத் திருப்பித் தரும்போது, "நல்ல பேரு. ஒண்ணையே பிடிச்சுக்குங்க, இனிமே யாரும் குழம்ப மாட்டாங்க" என்றார்.

சுவரோரம் நின்ற தாய்மாமனை நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வந்தேன்.

முதல் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் குழந்தை ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

"இது அம்மாவுக்கு" என்றாள். "நீ பின்னாடி உக்காரு, சித்தி."

எழுத்தரிடம் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அப்பா அந்தப் பெயரை முழுசாக அக்காவுக்கு வைத்தார். மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். அக்காவின் கவுன்களை வெட்டிச் சின்னதாக்கி எனக்குப் போட்ட வீடு அது. பெயரையும் அப்படியே வெட்டிப் போட்டார்கள்.

அக்காவின் உடலை நான் அடையாளம் காட்டி, முகத்தையும் போர்த்திவிட்டு வந்தாயிற்று. குழந்தை பார்க்கவில்லை.

படிக்கட்டில் ஒருவர் பட்டியலோடு ஏறி, பெயர் பெயராகக் கேட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்னால் நான்கு வரிசைகள்தான் இருந்தன.

நான் குழந்தையின் கையை மெல்ல எடுத்து அவள் மடியில் வைத்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.