எல்லாரும் கரை வந்தாச்சு

ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் ஜமுனா. சாயங்காலம் அவள் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் ஒவ்வொருவரும் கரை வந்த நேரம் பதிவாகும் டேட்டாபேஸைப் பார்த்து, 'எல்லாரும் கரை வந்தாச்சு' என்று வீடுகளுக்கு மெசேஜ் அனுப்பும்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் உதயகுமார் காணாமல் போனதிலிருந்து அது ஓடவில்லை. அவர் பெயருக்கு நேரே கரை வந்த நேரம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் எரர் காட்டி நின்றுவிடும். உடல் கிடைக்கும்வரை பெயரை எடுக்கக் கூடாது, ஏரியில் அவர் வலை போடும் முறைநாளும் இன்னொருவருக்குப் போகாது என்பது குப்பத்து வழக்கம். ஜமுனா பெயரை எடுக்கவில்லை. நேரம் காலியாக இருப்பவரை விட்டுவிடச் சொல்லி, பட்டியலைத் தேடும் குவெரியில் ஒரு வரி சேர்த்தாள், அவ்வளவுதான். எரர் போய்விட்டது. மெசேஜ் எல்லா வீட்டுக்கும் போனது, உதயகுமார் வீட்டுக்கும்.

மறுநாள் காலையில் அவர் மனைவி காசியம்மாள் சங்க வாசலில் வந்து நின்றாள். ஜமுனாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பு என்னுதுதான்க்கா."

அந்த வரியை அழித்துவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டாள். எரர் வந்ததும் அதைக் காட்டி, செய்ததைச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள்.

எரர் வரவில்லை. உதயகுமார் பெயருக்கு நேரே காலியாக இருந்த இடத்தில், நேற்று மெசேஜ் போன நேரம் பதிவாகியிருந்தது. மெசேஜ் மறுபடி போய், காசியம்மாளின் கையில் போன் ஒலித்தது.

"அத நிறுத்தும்மா," என்றாள் காசியம்மாள், குரலைத் தாழ்த்தி. "வீட்ல அவரு போனும் அடிக்கும். நேத்து ராத்திரி வந்ததுலேர்ந்து இப்பதான் கொஞ்சம் கண்ணசந்துச்சு."