அந்தோனியார் திருநாள் எப்போது?

"கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் ஜூன் பன்னிரண்டு" என்று பழைய பத்திரிகை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார் நோபேட்.

மனைவி யூஜினா தலையிலடித்துக்கொண்டாள். "அந்தக் கோயிலடியில, கொட்டாஞ்சேனையில பிறந்த மனுசன்! அது பதின்மூண்டு. நேற்றும் பிழையாப் போட்டீங்க. ஆக்கள் சிரிக்கினம்."

"சிரிக்கட்டும்."

"தாங்க, நான் திருத்துறன்."

"கை வைக்காதையும்!" என்று நோபேட் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சோறு ஆறியது. அவர் தொடவில்லை. கடைசியில் போன் சிணுங்கியது.

"பதின்மூன்று, அண்ணே! பார்த்துப் போடுங்க."

எழுதியவள் டில்ஷானி. அவரோடு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவள், இப்போது உக்ரேனில் போர்முனைச் செய்தியாளர். "சுகமா?" என்று கேட்டால் பதிலே போடமாட்டாள், பிழையைக் கண்டால் மட்டும் பொறுக்கமாட்டாள்.

"இண்டைக்கும் உயிரோட இருக்கிறாள்" என்று நோபேட் சோற்றைப் பிசைந்தார்.

யூஜினா குழம்பை ஊற்றினாள். "நாளைக்கு, கொழும்புத் துறைமுகம் இரத்மலானை விமான நிலையத்துக்குள்ள இருக்கு எண்டு போடுங்க."