அணில் மறைத்த மூன்றாவது படம்

செவலைக் கோழிக்கு ஒரே ஆத்திரம். அவள் குஞ்சுகள் பொழுதன்றைக்கும் அணில் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டே கதியென்று கிடந்தன. தானே ஒன்று செய்துவிட்டால் குஞ்சுகள் வீடு தங்குமே என்று, பக்கத்து வீட்டு வாத்தையும் துணைக்கு இழுத்துக்கொண்டு அணிலிடம் போனாள்.

"ஏம்ப்பா, உன் விளையாட்டுல அந்தப் பூனை நடக்குதே, அது எப்படி?"

"ரெண்டே படம்தான் அக்கா. ஒண்ணுல வலது கால் முன்னால, இன்னொண்ணுல இடது கால். மாத்தி மாத்திக் காட்டச் சொல்லி கம்ப்யூட்டருக்கு ரெண்டு வரி எழுதணும். இன்னைக்கே வரைஞ்சு பாருங்களேன்."

கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவனை அளந்தாள். ரெண்டே படமா? யாரிடம் கதை விடுகிறான்? சொல்லிக்கொடுத்தால் தன்னை யார் மதிப்பார்கள் என்ற பயம்!

"மூணாவது படம் ஒண்ணு இருக்கு, முழுங்கிட்டான்," என்று வாத்திடம் முணுமுணுத்துவிட்டு, அவளை அங்கேயே விட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த கிளியிடம் கேட்கப் போனாள். கிளியும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கோழி முடிவு கட்டினாள்.

சாயங்காலம் வீடு திரும்பினால் குஞ்சு ஒன்றையும் காணோம். எல்லாம் வாத்து வீட்டில். அங்கே திரையில் கோணல்மாணலாக ஒரு மண்புழு சுருங்கி நீண்டு, சுருங்கி நீண்டு ஊர்ந்தது. குஞ்சுகள் அதைக் கொத்திக் கொத்தி, விழுந்து விழுந்து சிரித்தன.

"ரெண்டு படம்தாண்டி வரைஞ்சேன்," என்றாள் வாத்து, வெட்கத்தோடு.

கோழி அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"நிஜத்தைச் சொல்லுடி. நான் கிளியைப் பார்க்கப் போனதும், அந்த அணில் உன் காதுல என்ன சொன்னான்?"