உள்ளே போக ஒருத்தி

"பிரசவ வார்டுக்குள்ள எல்லாம் என்னைக் கூப்பிடாத மக்ளே. நான் வரமாட்டேன்."

லீலாபாய் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். ஏதோ தூரத்துச் சொந்தத்தின் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொல்வதுபோல.

ஜெனிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கே பிரசவம் பார்ப்பது என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அரசு ஆஸ்பத்திரி என்று அவள் முடிவு செய்ததே இந்த மாமியாரை நம்பித்தான்.

பூதப்பாண்டியில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கினால் தனியார் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. குவைத்திலிருந்து புருஷன் சிஜினும், ஏசி ரூமே போடு, பணத்தைப் பற்றி யோசிக்காதே என்றுதான் சொன்னான். ஆனால் அவள் விசாரித்த இடங்களில் பிரசவ அறைக்குள் சொந்தக்காரர் யாரையும் விடமாட்டார்களாம். அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு பெண் கூடவே இருக்கலாம். நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்தில் நின்றால் பாதி பயம் போய்விடும், சுகப்பிரசவத்துக்கு அதுவும் ஒரு மருந்துதான் என்று நர்ஸ் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது.

கத்தி படாமல் பெற வேண்டும். வலிக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பெற்ற தாய் இருக்கிறாள், ஆனால் இல்லை. கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பெண், சி.எஸ்.ஐ. சபைப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட அன்றே இசபெல் மகளைத் தலைமுழுகிவிட்டாள். மாசமாக இருக்கிறேன் என்று சொல்ல அழைத்தபோது, மகள் குரலைக் கேட்டதும் போனை வைத்தவள்தான். பிறகு எடுக்கவே இல்லை.

செக்கப்புக்கு ஜெனிலா தனியாகத்தான் போவாள். மாமியாருக்கு மூட்டுவலி, வரிசையில் நிற்க முடியாது. அங்கே ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு அம்மா இருப்பாள். மகளின் கழுத்து வியர்வையை முந்தானையால் துடைப்பாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவாள். ஜெனிலா போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வாள்.

"அப்போ பிரைவேட்டுக்கே போயிருறேன் மாமி. எங்க போனாலும் தனியாத்தானே."

அதுவும் கூடாது என்றாள் லீலாபாய். இத்தனை மாதம் பார்த்த இடத்திலேயே பெற்றுக்கொள்ளட்டுமாம்.

தானும் வரமாட்டாள், வேறு இடத்துக்கும் விடமாட்டாள். மகன் பணத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று ஜெனிலா மனதுக்குள் கசந்தாள்.

அதோடு விட்டாளா லீலாபாய்? பக்கத்து வீட்டில் சொன்னாள். சர்ச்சில் பெண்கள் சங்கத்தில் சொன்னாள். வாசலுக்கு வந்த மீன்காரியிடமும், நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மருமவளுக்கு நாள் நெருங்கிட்டு. நான் உள்ள போவமாட்டேன்னு சொல்லிட்டேன். தனியா கெடந்து பெறட்டு."

மீன்காரி ஜெனிலாவின் சொந்த ஊர்க்காரி. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஜெனிலா கூனிக்குறுகிப் போனாள். இனி தன் கதி பிறந்த ஊர்வரை நாறும்.

தெருவே லீலாபாயைத் திட்டியது. சங்கத்துப் பெண் ஒருத்தி, நீங்களும் ஒரு பிள்ளையைப் பெற்றவர்தானே என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும் என்று முடித்துக்கொண்டாள் லீலாபாய். தினமும் மீன் வெட்டும்போது சுற்றாத தலை.

நர்ஸ் சொன்னபடி ஜெனிலா சாயங்காலம் தெருக்கோடிவரை நடப்பாள். வயிற்றில் பிள்ளை உதைத்தால், "நீயாவது கூட இருக்கியே" என்பாள். பேச வேறு ஆள் இல்லை.

ஒரு காலையில் வலி கண்டது. ஆட்டோவில் ஏறியதும் லீலாபாய் போனை எடுத்து மீன்காரியைத்தான் அழைத்தாள். பிள்ளைக்கு வலி வந்துவிட்டது, அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இன்றைக்கு மீன் வேண்டாம் என்றாள். இந்த நேரத்திலும் இவளுக்கு மீன் நினைப்பு என்று ஜெனிலா பல்லைக் கடித்தாள்.

வார்டு வாசலில் நர்ஸ் கேட்டாள், கூட இருக்கப்போவது யார் என்று. லீலாபாய் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு யாரும் இல்ல சிஸ்டர்" என்றாள் ஜெனிலா.

தனியாக உள்ளே போனாள். சுற்றிலும் யார் யாரோ அம்மாக்கள் யார் யாருக்கோ முதுகு தடவினார்கள். வலி ஏற ஏற, கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

யாரோ அவள் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்தார்கள். மீன் வாடை அடிக்கிற, சொரசொரப்பான கை.

இசபெல் மகளிடம் எதுவும் பேசவில்லை. நர்ஸிடம்தான் சொன்னாள்.

"எனக்க மொவ அனாதை இல்ல. நான் நிக்கியேன்."

அந்தக் கையை ஜெனிலா பிறகு விடவே இல்லை. மதியம் பெண் குழந்தை பிறந்தது, கத்தி படாமலே.

ஜெனிலாவைத் தள்ளுவண்டியில் வார்டுக்குக் கொண்டு வரும்போது லீலாபாய் வழியில் நின்றிருந்தாள். பேத்தியைப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். இசபெல் குழந்தையைத் தன் மார்போடு அணைத்து விலக்கிக்கொண்டாள்.

"மீன்காரி வந்து சொல்லச்சுல எனக்க நெஞ்சு பதறிட்டு. ஒரு புள்ளத்தாச்சியத் தனியா விட உங்களுக்கு எப்பிடி மனசு வந்துது?"

லீலாபாய் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அவள் இன்னும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் உள்ள போறேன்னு சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பியளா சம்மந்தி?"